கன்னப்பை நிறையக் காளான்

கருங்காட்டுச் சரிவில் செம்பி என்றொரு குரங்கு இருந்தது. அதற்கு எதிலும் பொறுமை கிடையாது. எதைக் கண்டாலும் பறிக்கும், கன்னப்பையில் அடைக்கும், ஓடும்! பறித்தது நாவலா அத்தியா என்று பார்ப்பதெல்லாம் மரத்தின் உச்சிக்குப் போன பிறகுதான். குரங்கு வம்சத்துக்கே அதுதான் வழக்கம். செம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஐப்பசி மாதம். நாலு நாள் விடாத மழை. மரங்களில் ஒரு காய்கூட மிஞ்சவில்லை. செம்பியின் குட்டி மொக்கு தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு, "பசிக்குதும்மா! பசிக்குதும்மா!" என்று அரற்றியது. செம்பிக்கோ பாலும் வற்றிப்போயிருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் காடே அதிர இடி இடித்தது. அப்படி இடித்தால் மறுநாள் கரையான் புற்றில் காளான் முளைக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வருடம் செம்பி போய்ச் சேர்வதற்குள் பன்றிகள் துடைத்துப் போட்டுவிட்டன. அந்த வயிற்றெரிச்சல் அதற்கு இன்னும் ஆறவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் குட்டியை அணைத்துக்கொண்டு புற்றை நோக்கிப் பாய்ந்தது.

புற்றடியில் கட்டையன் என்ற காட்டுப்பன்றி முன்னாலேயே நின்றது! ஆனால் கட்டையன் எதையும் தின்னவில்லை. ஒவ்வொரு காளானையும் சுற்றி மண்ணை மூக்கால் கிளறி, அடியோடு பிடுங்கி, மோந்து பார்த்தது. சிலதை எடுத்து வைத்தது. சிலதைத் தூர எறிந்தது.

"என்ன கட்டையண்ணே, பொண்ணு பார்க்க வந்தீங்களா? இப்படி மேலும் கீழும் பார்க்கிறீங்களே!" என்று கேலி செய்தது செம்பி.

"சிரிக்காதே தங்கச்சி! மேலே பார்த்தா எல்லாம் ஒரே வெள்ளைக் குடைதான். புற்றுக்காளானுக்கு வேர் நீளமா புற்றுக்குள்ளே இறங்கியிருக்கும். விஷக்காளானுக்கு அடியிலே கிழிஞ்ச பை மாதிரி ஒண்ணு இருக்கும். தோண்டாம தெரியாது. பதறாத காரியம் சிதறாது!"

"நீங்க தோண்டி முடிக்கிறதுக்குள்ளே என் பிள்ளை உயிரை விட்டுடும்!"

சொன்னதோடு சரி. படக் படக்கென்று தலைகளை ஒடித்தது. புற்றின் மேலே கொஞ்சம், பக்கத்துப் புதரடியில் கொஞ்சம். இரண்டு கன்னமும் புடைக்க அடைத்துக்கொண்டு மரத்தில் ஏறியது.

கிளைக் கவட்டில் எல்லாவற்றையும் துப்பியபோதுதான் அதைப் பார்த்தது. ஒரே ஒரு காளான் மட்டும் அவசரத்தில் அடியோடு வந்திருந்தது. அடியில் மண்ணோடு ஒரு கிழிந்த பை!

செம்பி மற்றவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. எல்லாம் வெறும் குடைகள். எது புற்றில் ஒடித்தது, எது புதரில் ஒடித்தது? அத்தனையையும் வாரிக்கொண்டு கீழே ஓடியது.

"அண்ணே! இதிலே நல்லது எதுன்னு சொல்லுங்க!"

"அடி எங்கே?"

"அங்கேயே மண்ணிலே விட்டுட்டேன்."

"தலையை மட்டும் கொண்டாந்தா நான் என்னத்தைச் சொல்ல? எந்தத் தண்டுக்கு எந்தத் தலைன்னு உனக்கே தெரியலையே! கொட்டிடு தாயி. பத்திலே ஒன்பது நல்லதா இருந்தாலும் எல்லாத்தையும் கொட்டிடு!"

செம்பி கொட்டியது. அப்போதுதான் மொக்குவின் தாடை அசைவது கண்ணில் பட்டது. விரலை விட்டு வாயிலிருந்ததைத் தோண்டி எடுத்தது.

"முழுங்கினியா? சொல்லுடா, முழுங்கினியா?"

"கொஞ்சூண்டும்மா..."

ஓடைக்கு ஓடியது. குட்டியின் வாயைக் கழுவியது, தன் கன்னப்பையையும் கழுவியது. பிறகு அன்று பகல் முழுவதும் அது பட்ட பாடு இருக்கிறதே! கிளை மாறி உட்காரும். "வயிறு வலிக்குதா?" என்று கேட்கும். எழுந்து வேறு கிளைக்குப் போகும். மறுபடியும் கேட்கும். மொக்கு கொட்டாவி விட்டால் பிடித்து உலுக்கும். கட்டையன் வேரோடு நாலு நல்ல காளானைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போனது. செம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் அவசரமே நம் பிள்ளைக்கு எமனாகிவிட்டதே என்று அதன் மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு மொக்கு கண் விழித்தது. சோம்பல் முறித்தது. அம்மாவின் வாலைப் பிடித்து ஊஞ்சலாடியது. செம்பி குட்டியை இறுகக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதது.

அடியைப் பார்க்காமல் அவசரத்தில் அள்ளுகிறவர், கெட்டதோடு சேர்த்து நல்லதையும் கொட்ட வேண்டியதுதான்.