பட்டடையின் மூக்கு

"ஆசாரியம்மா, இந்தப் பட்டடைக்கு என்மேல என்ன வஞ்சம்?"

வெயிலுகந்தான் இப்படிக் கேட்டுவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே தன் முழங்காலைக் காட்டினார்.

முழங்கால் கன்றிப்போயிருந்தது. நீலம் நேற்றையது. பச்சை நாலு நாளைக்கு முந்தையது. மஞ்சள் போன வாரத்தது.

செங்கமலம் ஒரு பார்வை பார்த்தாள். உலையிலிருந்து பழுக்கக் காய்ந்த ஏர்க்கொழுவைக் குறடால் எடுத்துப் பட்டடைமேல் வைத்தாள்.

"அடிங்க அண்ணாச்சி."

அவர் சம்மட்டியை ஓங்கினார். கேள்வி அந்தரத்தில் நின்றது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. அவளுக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அந்தப் பட்டறையில் அவள்தான் குரு. அப்பா போனபிறகு சாலையோரத்து உலையை அணையவிடாமல் வைத்திருப்பவள். வேலை தேடி வந்த வயசாளியை நாலு பட்டறை திருப்பி அனுப்பியது. இவள் மட்டும், "சம்மட்டியத் தூக்கிக் காட்டுங்க" என்றாள். தூக்கிக் காட்டினார். அன்றே சேர்த்துக்கொண்டாள்.

அதற்கு அவர் நன்றி சொன்னதில்லை. மனசுக்குள் இருந்தது. வாய்க்கு வரவில்லை.

வாய்க்கு வந்ததெல்லாம் வருத்தங்கள்தான். பகையை வருஷக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க ஒரு பக்குவம் வேண்டும். அது அவருக்குக் கைவந்திருந்தது.

அவரிடம் இருந்ததிலேயே பெரிய பகை, தம்பிமேல்.

"தேரோட்டத்துல தேரத் திருப்பச் சக்கரத்துக்கு அடியில கட்டை போடுத உரிமை அந்த வருஷம் எனக்கு" என்று மதியம் கஞ்சி குடிக்கும்போது ஆரம்பிப்பார். "மேலத்தெரு முக்குல தேரு திரும்புது. நான் கட்டையோட குனியுதேன். மாசிலாமணிப் பய பின்னால வந்து ஒரே தள்ளு. சாக்கடைக்குள்ள விழுந்தேன். புது வேட்டி. ஊரே பாத்துச்சு. எனக்குக் கிடைச்ச மரியாதைய அவன் கட்டையப் போட்டு வாங்கிக்கிட்டான்."

"பெறகு?"

"பெறகென்ன? சாயந்தரமே ஊர விட்டு வந்துட்டேன். பத்தொம்பது வருஷம் ஆச்சு. தெய்வம் சும்மா விடல பாருங்க. அன்னைக்கே அவனுக்கு ரெண்டு வெரலு சக்கரத்துக்குள்ள போயிட்டுன்னு சொன்னாங்க."

செங்கமலம் கஞ்சிக்குத் துவையலைத் தள்ளி வைத்தாள்.

இப்போது தம்பிக்கு அடுத்த இடத்தில் பட்டடை இருந்தது.

அது முழங்கால் உயரத்தில், மரக்குத்தியில் பதித்த இரும்பு. ஒரு பக்கம் மொட்டை. மறுபக்கம் கூராக நீண்ட மூக்கு.

கரிக்குவியலிலிருந்து உலைக்கு வர இரண்டு வழி. ஒன்று சுவரோரமாகச் சுற்றி. மற்றது பட்டடைக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே, நாலே எட்டு. அந்த நாலு எட்டில்தான் மூக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

கரிக்கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருகிறவருக்குக் கால் தெரியாது. மூக்கு இடிக்கும். கூடையை இறக்கி, குனிந்து, முழங்காலைத் தடவி, பட்டடையை வைதுவிட்டு, பிறகுதான் அந்த இடத்தைத் தாண்டுவார். தினமும் இதே கதை.

காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொன்றையும் தொட்டுக் கும்பிடுவது பட்டறை வழக்கம். அவர் உலையைத் தொடுவார். துருத்தியைத் தொடுவார். சம்மட்டியைத் தொடுவார். பட்டடையைத் தொடமாட்டார்.

செங்கமலம் அதையும் பார்த்தாள்.

"நீங்க இடிச்சுக்கிட்டதே இல்லையே, எப்படி?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் அந்த வழியா வாறதில்ல."

"ஏன்?"

"அப்பாவும் வந்ததில்ல. மொத நாளே சொன்னேனே அண்ணாச்சி. கறுத்த இரும்ப நம்பாதீங்கன்னு."

"எனக்கு இரும்பத் தெரியாதாக்கும்" என்றார். அவள் சொன்ன வார்த்தையும் ஒரு வருத்தமாக உள்ளே போய் உட்கார்ந்தது.

அவர் மூக்குக்குச் சாக்குத் துணி சுற்றிப் பார்த்தார். பொறி பட்டுப் புகைந்தது. சுண்ணாம்பு பூசிப் பார்த்தார். கூடைக்குக் கீழே இருப்பது சுண்ணாம்பானால் என்ன, கரியானால் என்ன? இடித்தது.

அந்த வெள்ளிக்கிழமை இடித்த இடியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.

"முடிவாச் சொல்லுதேன் ஆசாரியம்மா. ஒண்ணு இந்த மூக்கு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"மூக்கு எங்கிட்டுப் பாக்கணும்?"

"சுவத்தப் பாத்து."

செங்கமலம் மூலையில் கிடந்த கடப்பாரையைக் காட்டினாள்.

அவர் எதிர்பார்த்தது சண்டை. கிடைத்தது கடப்பாரை. நெம்பினார், மூச்சு வாங்கினார், மறுபடி நெம்பினார். குத்தியிலிருந்து கிளம்பிய பட்டடை அரை வட்டம் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை இடிக்கவில்லை. திங்கட்கிழமை இடிக்கவில்லை.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கூடையோடு அந்த நாலு எட்டை ராஜநடையாக நடந்தார்.

ஒன்று மட்டும் உறுத்தியது. மூக்கைத் திருப்பிய நாளிலிருந்து செங்கமலம் உடைந்த சம்மட்டிக் காம்பு ஒன்றை மடிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அவர் கூடையோடு வரும்போதெல்லாம் அவள் கை அதன்மேல் போனது.

"எதுக்கு அந்தக் கம்பு? என்னைய அடிக்கவா?" என்றார் கேலியாக.

"ஆமா" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

விதைப்பு நெருங்கியதால் வியாழக்கிழமை வேலை குவிந்து கிடந்தது. கொழு மேல் கொழுவாக அடித்தார்கள். அடித்து முடித்ததைச் செங்கமலம் தொட்டிக்குப் பக்கத்து மண்ணில் வரிசையாகப் போட்டாள். வழக்கமாகப் போடுகிற இடம்தான். அவள் அப்பா போட்ட இடமும் அதுதான்.

"கரி!" என்றாள்.

அவர் கூடையை நிரப்பி அணைத்துக்கொண்டு வந்தார். தடையில்லாத வழி. வெறுங்கால். பழகிய வீச்சில் இரண்டு எட்டு வைத்து, மூன்றாவதற்குக் காலைத் தூக்கினார்.

சடார்!

முழங்காலில், சரியாக மூக்கு இடிக்கும் அதே இடத்தில், சம்மட்டிக் காம்பு விழுந்தது.

கூடை பறந்தது. கரி சிதறியது. அவர் பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

வாசலில் ஏர்க்காரர்கள் மூன்று பேர் காத்து நின்றார்கள். மூன்று பேரும் பார்த்தார்கள்.

"அடிச்சிட்டீங்களே!" அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "உங்க அப்பா வயசு எனக்கு! இத்தன பேரு முன்னால என்னைய அடிச்சிட்டீங்களே!"

செங்கமலம் தொட்டிப் பக்கம் குனிந்தாள்.

தொட்டியில் கைவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளினாள். அவர் கால் இறங்கவிருந்த இடத்தில் ஒரு கொழு கிடந்தது. கறுப்பாக, சாதுவாக, எப்போதோ ஆறிப்போனதுபோலக் கிடந்தது.

அதன்மேல் தண்ணீரைத் தெளித்தாள்.

சொய்யென்று சீறிக்கொண்டு ஆவி அவர் முகம்வரை எழுந்தது. தண்ணீர் கொழுவில் நிற்கவே இல்லை. குமிழாகத் துள்ளித் துள்ளி ஓடி மறைந்தது.

வெயிலுகந்தான் அதைப் பார்த்தார். தன் உள்ளங்காலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த மூக்கைப் பார்த்தார்.

பட்டறைக்கு வந்து பதினோரு மாதம். தினம் ஒரு இடி. ஒவ்வொரு இடிக்கும் நின்று, குனிந்து, தரையைப் பார்த்துத் தாண்டியிருக்கிறார். ஒருநாள்கூடக் கால் சுட்டதில்லை.

வாசலில் நின்ற ஒருவர், "எந்திரிங்க பெரியவரே" என்று கைகொடுத்தார்.

அவர் எழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

செங்கமலம் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து எதிரில் குந்தினாள்.

"வலிக்குதா அண்ணாச்சி?"

"வலிக்கு" என்றார். கண் நிறைந்திருந்தது. "நல்லா வலிக்கு ஆசாரியம்மா. நல்லா இருக்கணும் நீங்க."

அன்றைய கொழுக்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தபிறகு, யாரும் சொல்லாமலே கடப்பாரையை எடுத்தார். நெம்பினார். மூச்சு வாங்கினார். மூக்கு பழையபடி வழியை மறித்து நின்றது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டார். தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒற்றிய கையை அவர் கீழே இறக்கவில்லை. விரல்களை விரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தும் இருந்தன. மற்றக் கையையும் விரித்தார். அதிலும் ஐந்து.

அதில் இரண்டு விரலை மடக்கிப் பார்த்தார்.

செங்கமலம் உலையில் சாம்பலை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆசாரியம்மா, நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

"வேல கெடக்கே. எங்க போறீங்க?"

"ஊருக்கு."

"பத்தொம்பது வருஷமாப் போகாத ஊருக்கா? என்ன விசேஷம்?"

"தம்பி கையப் பாக்கணும்."