கொக்கு கொத்திய தலை

மிருகமும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதரின் தலைக்கு மூடி இல்லை. முடியை விலக்கினால் நுங்குபோல் மூளை தெரியும். தொட்டால் வலிக்காது. ஆபத்தே அதில்தான் இருந்தது.

ஏரிக்கரைக் காட்டில் எயினி என்றொரு பெண், கணவன் கடம்பனோடும் கைக்குழந்தை தும்பையோடும் வாழ்ந்தாள். ஒருநாள் உச்சிவெயிலில் கடம்பன் மரநிழலில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளைக் கொக்கு அவன் தோளில் நின்று, பின்தலையில் மெல்லக் கொத்திக்கொண்டிருந்தது. அவன் முகத்திலோ சிரிப்பு. எயினி கல்லெறிந்து விரட்டினாள். கடம்பன் விழித்தான். கண் திறந்துதான் இருந்தது.

"ஏன் எயினிக்கண்ணு, அதுக்குள்ள இருட்டிடுச்சா?" என்றான்.

மறுநாள் அவள் தண்ணீர் எடுத்துத் திரும்புவதற்குள் கொக்கு அவன் இடக்காதுக்கு மேலே கொத்தியிருந்தது. பேச்சு போயிற்று. பிறகு பிடரிக்குச் சற்று மேலே கொத்தியது. கள் குடித்தவனைப்போல் தள்ளாடினான். எயினி இலை வைத்துக் கட்டிய கட்டுகளையெல்லாம் அவனே பிய்த்துப் போட்டான். கடைசியில் நெற்றிக்குப் பின்னாலும் கொத்திவிட்டது. அதன்பின் பக்கத்தில் குழந்தை வீறிட்டாலும் அவன் அசையவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

எயினி ஏரிக்குள் இறங்கிப் போய்க் கொக்கிடம் கேட்டாள். "எங்களை ஏன் இப்படிப் பண்றே?"

"அவனுக்கு வலிச்சுதா?" என்றது கொக்கு. "வலிக்காத பொருளுக்கு உடையவன் ஏது?" பிறகு கடம்பனின் குரலில் சொன்னது: "வெயில் ஏறுது எயினிக்கண்ணு. புள்ளைய நிழல்ல போடு."

அவளை அப்படிக் கூப்பிடுவது அவன் ஒருவன்தான். குழந்தையை அள்ளிக்கொண்டு, கடம்பனையும் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு, குகையில் இருந்த கிழட்டுச் சிலந்தியிடம் ஓடினாள்.

"தலையை மூட வலை பின்னித் தர்றேன்," என்றது சிலந்தி. "ஆனா அடியில மெல்லிசா ஒரு தோலும் மேல முரடா ஒரு தோலும் வேணும். தொட்டா தெரியணும்ல, அதனால வலியையும் சேர்த்துத்தான் பின்னுவேன். பின்னி முடிச்சா நான் உள்ளேயே அடைபட்டுப் போவேன். ஒரு தலைக்குத்தான் என்கிட்ட நூல் இருக்கு."

தும்பை பிறந்தபோது மண்ணில் புதைத்த பனிக்குடத்தை எயினி தோண்டி எடுத்தாள். அது வாடாமல், உள்ளே நீரோடு, இளஞ்சூடாகக் கிடந்தது. மேலே போர்த்த, கடம்பன் எப்போதோ பதப்படுத்தி வைத்திருந்த மிளாமான் தோலை எடுத்துக்கொண்டாள்.

குகை வாசலில் கொக்கு வந்து நின்றது. "எனக்கு மூடு எயினிக்கண்ணு. இருட்டா இருக்கு. என்னை விட்டுடாதே."

குரல் வாசலிலிருந்து வந்தது. கடம்பனோ அவள் பக்கத்தில் வாய் மூடிச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். எயினி அவன் கன்னத்தைத் தடவினாள். பிறகு திரும்பி, மகளை மடியில் கிடத்திக்கொண்டாள்.

பனிக்குடத்தின் தோலை மூளையின் ஒவ்வொரு மடிப்பிலும் பதிய ஒட்டினாள். அதன்மேல் சிலந்தி வலை பின்னியது. வலையின் இடுக்குகளில் பனிக்குடத்து நீரை ஊற்றியதும் மூளை மிதந்தது. எல்லாவற்றுக்கும் மேலே மிளாத்தோலைப் போர்த்தினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் எலும்பு வளர்ந்து, உச்சியில் ஒரு குழி மட்டும் விட்டு மூடியது.

மறுநாள் உச்சிவெயிலில் கொக்கு வந்து அந்தக் குழியில் கொத்தியது. தோல் கிழியவில்லை. ஆனால் தும்பை வலி தாங்காமல் அலறினாள். எயினி ஓடிவந்து வாரியெடுத்தாள். குழந்தை அழ அழ அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கொக்கு ஏரிக்கு அப்பால் பறந்துபோயிற்று. பொழுது சாயும்வரை அக்கரையிலிருந்து கடம்பனின் குரல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் போகவில்லை.

அந்தத் தும்பையின் வழியில் வந்தவர்கள்தான் நாமெல்லாம். அன்று முதல்தான் நம் மூளை மூன்று சவ்வுகளுக்குள் நீரில் மிதக்கிறது; தலைவலி வந்தாலும் வலிப்பது சவ்வுக்கே தவிர மூளைக்கல்ல; பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியில் விரல் வைத்தால், உள்ளே அடைபட்ட ஏதோ ஒன்று இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.