தையல் அறையில் கேட்ட குரல்

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தையல் அறையில் வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம் என்று போனில் சொன்னார்கள். குடியை விட நினைக்கும் பெண்களுக்கான கூட்டம். வருகிறவர்களின் மானத்தை நினைத்து வெளியே போர்டு வைப்பதில்லை. பேச்சுக்குரல் கேட்கும், கேட்டால் உள்ளே வந்துவிடுங்கள் என்றார்கள்.

டெல்பின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சந்தில் நடந்தாள். மாமியாரிடம் ஜெபக்கூட்டம் என்று சொல்லியிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர் ஏறக் கூடாதென்று அந்த மாமியார்தான் ஒரு மூடி பிராந்தி கொடுத்து வந்தார். அது ஊர் வழக்கம். மூடி டம்ளரானது ஊர் வழக்கமில்லை. போன வாரம் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து அழுதது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த அவளுக்குக் கேட்கவில்லை.

ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"என் பெயர் ஜெபிலா. நான் ஒரு குடிநோயாளி. நீங்க எல்லாரும் வந்ததுல எனக்குச் சந்தோஷம்."

எல்லாரும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் டெல்பின் படியேறினாள். தன்னைப் போல் அறை நிறையப் பெண்கள் இருப்பார்கள். திரையை விலக்கினாள். வட்டமாக நாற்காலிகள், ஒரு பிளாஸ்க், ஒரே ஒரு பெண்.

"மத்தவங்க?" என்றாள்.

"உட்காருங்க. டீ ஆறிடும்."

ஜெபிலா பேக்கரியில் பில் போடுகிறவள். டெல்பினைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அந்த அறையில் யார் முதலில் குடியை நிறுத்தினாரோ அவர்தான் அக்கா. இவள் அக்கா என்றாள், அவள் நீ என்றாள். கூச்சமெல்லாம் சீக்கிரமே போய்விட்டது.

வாரா வாரம் டெல்பின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்காக எல்லா நாற்காலியையும் துடைத்துப் போடுவாள். கரண்ட் போனால் மெழுகுவர்த்தி கொண்டுவருவாள். புத்தி சொன்னதே கிடையாது. பாட்டிலை மறுபடி தொட்டுவிட்டேன் என்று டெல்பின் அழுத அன்றைக்கும் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வியாழன் வருவாயல்லவா என்று மட்டும் கேட்டாள். தாயிடம்கூட டெல்பின் அப்படி ஒரு பொறுமையைக் கண்டதில்லை.

"ஆள் வராத கல்யாணத்துக்குப் பந்தி போட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள் ஒருநாள்.

"இலையே போடாட்டி யாரு உட்காருவா?" என்று ஜெபிலா சிரித்தாள்.

தம்பி நிச்சயத்துக்காக ஜெபிலா ஊருக்குப் போகும்படி ஆனது. கோயில் உபதேசியாரிடம் அறைச் சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

"யாரும் வரலேன்னா?"

"கூட்டத்தை நடத்து."

சாவி கொடுக்கும்போது உபதேசியார் கேலியாகச் சிரித்தார். நீ வருவதற்கு முன்னால் ஒரு வருஷம் அந்தப் பிள்ளை காலி நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருந்தது, எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கே அவ்வளவு நீளம் கிடையாது என்றார்.

அன்று டெல்பின் இரண்டு நாற்காலி மட்டும் போட்டாள். குழந்தை தூங்கியது. வாயைத் திறந்தாள். சுவரும் தையல் மெஷின்களும் பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது. பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலடியில் வந்து நின்றது. போனது, திரும்பி வந்தது, மறுபடி நின்றது. டெல்பின் எழுந்து திரையை விலக்கியபோது சந்து காலியாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் பாட்டிலைத் தொடவில்லை. தூக்கமும் வரவில்லை.

அடுத்த வியாழன் ஜெபிலா வந்து நாற்காலிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். டெல்பின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் குரல் கேட்டிருந்தா அவ வந்திருப்பா. வீட்டுக்குப் போய்க் குடிச்சிருப்பாளா அக்கா? அவளுக்கும் குழந்தை இருக்குமா?"

ஜெபிலா கடைசி நாற்காலியையும் வட்டத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நீ ஆரம்பி."

"ஆளில்லாத இடத்துல எனக்குப் பேச வரலக்கா." டெல்பின் சுற்றிலும் பார்த்தாள். "ஒரு வருஷம் பேசினீங்களாமே. யார்கிட்ட பேசினீங்க?"

ஜெபிலா குழந்தையின் காலுறையைச் சரிசெய்தாள்.

"உன்கிட்டதான். நீ வரக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."