பாதி மென்ற கூழ்

முன்னொரு காலத்திலே, ஆள் நுழையாத ஒரு காட்டில் ஆளுயரப் புற்று ஒன்று இருந்தது. அதைக் காவல் காத்தவன் தாடையன் என்கிற கறையான். அவனுடைய பெரிய தாடைக்குக் கடிக்க வரும், மெல்ல வராது. மரத்தை மென்று கூழாக்கி, வாய்க்கு வாய் ஊட்டுவதும் அந்தக் கூழாலேயே சுவர் எழுப்புவதும் சமையல்காரக் கறையான்களின் வேலை. அவர்கள் ஊட்டினால்தான் காவலுக்கும் சோறு, குஞ்சுகளுக்கும் சோறு.

தாடையனோ சந்தேகப் பிராணி. எதையும் இரண்டு தரம் முகர்ந்து பார்ப்பான்.

புற்றின் அடியில், கழிவு போகும் சுரங்கத்தை ஒட்டி ஓர் அறை வீங்கிக்கொண்டே வந்தது. சுரங்கமே அடைபடும் போலிருந்தது. மேலே குஞ்சுகள் பசியில் சுருண்டு கிடந்தன.

"இந்த அறையை யார் கேட்டது?" என்றான் தாடையன்.

"வளர்வது நல்லதுதானே அண்ணே. உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்," என்று சிரித்தாள் மெல்லி. அந்த அறைக்கு அவள் ஒருத்திதான் சமையல்காரி.

தாடையன் அந்த அறைக்கு மரத்துண்டு போகும் வழியை மண்ணால் அடைத்துவிட்டு, அங்கேயே நின்றான். அப்படியும் அறை பெருத்தது.

அவனுக்குப் பசித்தது. மெல்லி வழக்கம்போல ஒரு வாய் ஊட்டினாள். கூழ் புளித்தது, நறநறவென்று இருந்தது.

"என்னம்மா, பாதி மென்றதைக் கொடுக்கிறாய்?"

"முழுக்க மென்றால் வயிறு நிறையும், அவ்வளவுதான். பாதி மென்று துப்பினால் மளமளவென்று சுவர் எழும்பும் அண்ணே."

"மரம்தான் உள்ளே வரவில்லையே. எதை மெல்கிறாய்?"

"இன்னொரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள்," என்று பேச்சை மாற்றினாள் மெல்லி.

தாடையன் கூழை வாயில் புரட்டினான். குஞ்சு வாடை அடித்தது. குஞ்சுகள் படுத்திருக்கும் அறையின் மரத்தூள் தடுப்பைத்தான் இவள் உள்வழியாகப் போய் எடுத்து அரைக்கிறாள்.

அறையை இடித்தால் மறுபடியும் கட்டுவாள். தாடையன் குரலைக் குழைத்துக்கொண்டான். "எப்போதும் நீயே ஊட்டுகிறாய். இன்றைக்கு நான் ஊட்டுகிறேன், வாயைத் திற."

"அட, காவல்காரர் எனக்கு ஊட்டுகிறாரா?" மெல்லி பெருமை தாங்காமல் வாயை அகலத் திறந்தாள். வழியை அடைத்த மண்ணிலிருந்து அவள் வாய் அளவுக்கே உருட்டிய களிமண் உருண்டையைத் தாடையன் உள்ளே திணித்தான். அவள் தாடை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

மென்றுபோட ஆளில்லாமல் அறை அன்றோடு நின்றது.

தாடையன் மேலே போனதும், குஞ்சுகளின் சமையல்காரி அவனுக்கு ஒரு வாய்க் கூழ் நீட்டினாள். தாடையன் இரண்டு தரம் முகர்ந்தான். "நல்ல கூழ்தான். முதலில் குஞ்சுகளுக்குக் கொடு," என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையின் சுவரை முகர்ந்தபடியே நடந்து போனான்.

நீதி: உடம்போ ஊரோ, வேண்டாதது அளவின்றி வளர்ந்தால் வாசலை அடைப்பது மட்டும் போதாது, உள்ளேயிருந்து அதை ஊட்டி வளர்ப்பது யாரென்று பார்க்க வேண்டும்.