ஒன்றுக்கு மூன்று

தாழையூர்ச் சீமையை ஆண்ட கம்பீரராயருக்குப் போர் கிடையாது, பகை கிடையாது, ஆகவே வேலையும் கிடையாது. சும்மா இருக்கிற ராஜாவுக்கு யோசனை வந்தால் குடிகளுக்கு ஆபத்து. அவருக்கு ஒருநாள் வந்துவிட்டது.

"நாட்டில் எத்தனையோ மல்லர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து பேரைப் பொறுக்கி ஓலையில் எழுதிக்கொள்வோம். திருவிழாக்களில் அவர்கள் ஜெயித்தால் ஓலைக்காரருக்குப் புள்ளி" என்றார்.

எங்கோ ஒருவன் குஸ்தி போட்டு விலா நொந்து கிடப்பான். அரண்மனையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இன்னொருவர் மீசையை முறுக்குவார். இதுதான் விளையாட்டு. மல்லர்களுக்கு இந்த விஷயமே தெரியாது.

இரண்டே மாதத்தில் சபை தலைகீழானது. எல்லைக் காவல் செய்தி மாட்டுவண்டியில் வந்தது. மல்லனுக்குக் கணுக்கால் சுளுக்கிய செய்தி குதிரையில் வந்தது.

இதில் மாட்டிக்கொண்டு விழித்தவர் கோனேரி. குடிகளின் விண்ணப்பங்களைச் சபையில் வாசிப்பது அவர் உத்தியோகம். கொன்றையூர் ஏரிக்கரை உடைந்துவிட்டது, மழைக்குள் அடைக்காவிட்டால் ஊர் மிஞ்சாது என்று ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. அவர் முதல் வரியை வாசிக்கும்போதே, "இந்த வாரம் யாரை மாற்றலாம்?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி வரி வரைக்கும் சுவருக்கு வாசித்துவிட்டு உட்காருவார் கோனேரி. ஆறு வாரமாக இதே கதை. மழைக்கு இன்னும் இருபது நாள்தான்.

ராஜா கட்டாயப்படுத்தியதால் அவரிடமும் ஓர் ஓலை இருந்தது. அதில் மாசாணம் என்று ஒரு மல்லன். பள்ளத்தில் இறங்கிய தேரை ஒற்றைத் தோளால் தூக்கினான் என்று பழைய விண்ணப்பம் ஒன்றில் இருந்ததை வைத்து அவனை எடுத்திருந்தார். யாருக்கும் தெரியாத ஆள், ஒன்பது குஸ்தி தொடர்ந்து ஜெயித்துவிட்டான். எல்லார் கண்ணும் அவன்மேல்தான்.

முதலில் வலை வீசியவர் தளவாய் அப்பண்ணா.

"ஓய் கோனேரி, மாசாணத்தை எனக்குக் கொடும். பதிலுக்கு மூன்று மல்லர்கள் தருகிறேன்."

கோனேரி பெயர்களைப் பார்த்தார். ஒருவன் புதுமாப்பிள்ளை, மாமியார் வீட்டு விருந்தில் தொந்தி போட்டுவிட்டான். ஒருவனுக்குத் தோள்பட்டை நழுவியிருந்தது. மூன்றாமவன் காவி கட்டி மலையேறிவிட்டான். விண்ணப்பம் படிக்கிறவருக்குத் தெரியாத ஊர்ச்செய்தி உண்டா?

"வேண்டாம் ஐயா, இருக்கட்டும்" என்றார்.

தளவாய் நேரே ராஜாவிடம் போய்விட்டார். "மகாராஜா, ஒன்றுக்கு மூன்று கொடுக்கிறேன். என் மீசைமேல் ஆணை, நஷ்டம் எனக்குத்தான். அப்படியும் இவர் மறுக்கிறார்."

"தாராளமாகக் கொடுப்பதை மறுக்கலாமா? மாற்றிக்கொள். இது கட்டளை" என்றார் ராஜா.

"உத்தரவு" என்றார் கோனேரி. பெயர்கள் ஓலை மாறின. தளவாய் மீசையைத் தடவிக்கொண்டார்.

கோனேரி உட்காரவில்லை. "மகாராஜா, அடியேனும் ஒரு மாற்று கேட்கலாமா?"

"கேள்."

"தளவாய் ஐயாவிடம் மாசாணம் என்று ஒரு மல்லன் இருக்கிறானாம். அவனைக் கொடுத்தால் இப்போது எனக்கு வந்த மூன்று பேரைத் தருகிறேன். ஒன்றுக்கு மூன்று. சற்றுமுன் அவர் பட்ட நஷ்டத்தை இப்போது நான் படுகிறேன்."

தளவாயின் கை மீசையிலேயே நின்றது. "எனக்கு வேண்டாம், மகாராஜா."

"ஏன்? மூன்று பேர் கிடைக்கிறார்களே."

"அந்த மூன்று பேரும் வந்து..."

"வந்து?"

ராஜாவுக்கு மெல்ல விளங்கியது. "ஓகோ. பெயர்களைத் திருப்பிக் கொடும். இனிமேல் ஒரு சட்டம். மாற்று கேட்கிறவர் எந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நியாயமான மாற்று இல்லை."

தீர்ப்புச் சொன்ன கையோடு அவருக்கும் நாக்கில் நீர் ஊறியது. "கோனேரி, மாசாணத்தை எனக்கே கொடேன். என்ன வேண்டும்?"

இதற்காகத்தானே கோனேரி காத்திருந்தார். "தினமும் ஒரு நாழிகை தங்கள் காது வேண்டும், மகாராஜா. நான் விண்ணப்பம் வாசிக்க வேண்டும், தாங்கள் கேட்க வேண்டும்."

"இது நியாயமான மாற்றா?"

"தங்கள் சட்டப்படி எந்தப் பக்கத்துக்கும் நான் தயார். தாங்கள் இங்கே நின்று வாசியுங்கள். நான் அங்கே உட்கார்ந்து கேட்கிறேன்."

ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியை ஒருதரம் பிடித்துப் பார்த்துக்கொண்டார். "வேண்டாம், நானே கேட்கிறேன். வாசி."

மாசாணம் ராஜாவின் ஓலைக்குப் போனான். கோனேரி தொண்டையைச் செருமிக்கொண்டு கொன்றையூர் விண்ணப்பத்தை எடுத்தார். ஏரிக்கரை உடைந்ததை வாசித்தார். மழை நெருங்குவதை வாசித்தார். ராஜா முதல்முறையாகக் கடைசி வரியைக் கேட்டார்.

"ஆகவே அரண்மனை ஆட்கள் வராவிட்டால் மழைக்கு முந்தின பதினைந்து நாளும் எங்கள் ஊர் இளவட்டங்களே மண் சுமக்க வேண்டியிருப்பதால், மல்லன் மாசாணம் உட்பட யாரும் அப்போது நடக்கும் திருவிழாக் குஸ்திக்கு வர இயலாது."

ராஜா துள்ளி எழுந்தார். "என் மாசாணம் மண் சுமப்பதா? இருநூறு ஆட்களை இன்றைக்கே கொன்றையூருக்கு அனுப்புங்கள். வண்டிகளும் போகட்டும். கோனேரி, இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"ஆறு வாரமாக இதே இடத்தில் நின்று தினமும் சொன்னேன், மகாராஜா. அப்போது அவன் என் ஓலையில் இருந்தான்."

ராஜாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்துவிட்டது. தோளிலிருந்த பட்டுச் சால்வையைக் கழற்றிக் கோனேரிக்குப் போர்த்தினார்.

மழைக்கு மூன்று நாள் முன்னால் கரை அடைபட்டது. அடுத்த திருவிழாவில் மாசாணம் ஜெயித்தான், ராஜாவுக்கு இரண்டு புள்ளி. தன் ஊருக்கு மட்டும் அரண்மனை ஏன் அப்படி ஓடி வந்தது என்று மாசாணத்துக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.