புலவரைப் பெண் பார்த்த கதை

முன்னொரு காலத்தில் செவ்வந்திபுரத்தை வீரகேசரி என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மாற்றிவிடுவார்.

அவர் அரண்மனை வாசலில் முரசறைந்து செய்தி சொல்பவள் அரியநாச்சி. முரசடிக்கும் கம்பு அவள் அப்பா விட்டுப்போனது. அதைக் கையில் எடுத்தால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். அவள் அடித்தால் குளத்தில் குளிப்பவன்கூட ஈரத்துணியோடு ஓடிவருவான். அரசவைப் புலவர் மார்த்தாண்டர் பாடினால் ஊரே கொட்டாவி விடும். அவருக்கு வயிறு எரியாதா?

ஒருநாள் சபையில் குழைந்தார். "ராசாவே, அரியநாச்சி இந்த வயதிலும் கல்யாணமாகாமல் வாசலில் நிற்கிறாள். அயல்நாட்டுத் தூதர் பார்த்தால் தங்களைப் பற்றி என்ன நினைப்பார்? என் மகனுக்கே கட்டிக்கொள்கிறேன். எல்லாம் நாட்டுக்காக!"

"அட, ஆமாம்! இங்கேயே பெண் பாரும். யாரங்கே, பணியாரம் கொண்டு வா!"

அரியநாச்சியை நடுச்சபையில் நிறுத்தினார்கள்.

"எங்கே, நட பார்ப்போம்... ம்ம்ம், கால் நொண்டவில்லை. பாடு. பல்லைக் காட்டு. சடையை அவிழ், சவுரிமுடி வைத்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்." மூக்காலேயே பேசினார் மார்த்தாண்டர். "நிறம்தான் மட்டு. போகட்டும். ஆனால் எங்கள் வீட்டு மருமகள் முரசைத் தொடக்கூடாது. பரணில் போட்டுவிடு."

ராசா தலையாட்டினார், வாயில் பணியாரத்தோடு.

அரியநாச்சிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்க ராசா. ஆனா எனக்குப் பெரியவங்க யாருமில்லை. மாப்பிள்ளை வீட்டை நான்தான் பார்க்கணும். அவங்க பார்த்த மாதிரியே பார்த்துக்கட்டுமா?"

"நியாயம்தானே! மகனைக் கூப்பிடும்."

"மகன் எதுக்குங்க? வயசானா எப்படி இருப்பாருன்னு அப்பாவைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்."

"எ... என்னையா?"

"நடந்து காட்டும், புலவரே!" ராசாவுக்கு ஒரே குஷி.

அரியநாச்சி சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு பணியாரத்தை எடுத்துக்கொண்டாள். புலவரின் மூக்குப் பேச்சை அப்படியே தன் மூக்கில் வாங்கிக்கொண்டாள்.

"எங்கே, நடங்க பார்ப்போம்... ம்ம்ம், தொந்தி முன்னாடி போகுது, ஆள் பின்னாடி வர்றாரு. பாடுங்க. ஐயோ, போதும்! தலைப்பாகையை அவிழுங்க, சவுரி வெச்சிருக்கீங்களான்னு பார்க்கணும்."

புலவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் அமுக்கினார். ராசா கண்ணைக் காட்ட, காவலன் உருவினான். குடுமியும் கூடவே வந்தது!

சபை உருண்டு புரண்டது. ராசா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அரியநாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"இப்போ சிரிக்கிறீங்களே ராசா, கொஞ்சம் முன்னாடி நானும் இதே இடத்துலதான் நடந்தேன். பல்லைக் காட்டினேன். அப்போ நீங்க பணியாரம்தானே தின்னுக்கிட்டிருந்தீங்க?"

பணியாரத்தோடு வாய்க்குப் போன ராசாவின் கை பாதி வழியில் நின்றது.

"உனக்கு... இந்தக் கல்யாணத்தில் இஷ்டமா, தாயி?"

"இப்பத்தான் கேட்கணும்னு தோணுச்சா? இஷ்டமில்லை. எனக்கு முரசு போதும்."

ராசா பணியாரத்தைத் தட்டிலேயே வைத்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அவள் முரசுக்குப் போட்டார்.

அன்று சாயங்காலம் ராசாவின் உத்தரவுப்படி மொட்டைத்தலை மார்த்தாண்டர் முரசைச் சுமந்து முன்னே போக, அரியநாச்சி தெருத்தெருவாக முழங்கினாள்:

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பெண் பார்க்கப் போகிறவர்கள் அவளுக்கு இஷ்டமா என்று முதலில் கேட்க வேண்டும்! கேட்காதவர்கள் குடும்பத்தோடு சபைக்கு வந்து நடந்து, பாடி, பல்லைக் காட்ட வேண்டும்! டம் டம் டம்!"

இந்தச் சட்டத்தை மட்டும் ராசா மாற்றவே இல்லை. அன்று அவள் அடித்த அடியில் புலவருக்குக் காது மூன்று நாள் அடைத்துக்கிடந்ததாம். அவளுக்கு ஆத்திரம் அப்போதும் தீரவில்லையாம்.