பூங்காவனத்துக்குக் கொடுத்த வாக்கு

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, ஒரு நாட்டில் ராஜாவை யானைதான் தேர்ந்தெடுக்கும். பழைய ராஜா கண்ணை மூடினால் பட்டத்து யானையின் துதிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவார்கள். அது யார் கழுத்தில் போடுகிறதோ அவர்தான் அடுத்த ராஜா. மற்ற நாட்டார் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த லட்சணம் அவர்களுக்கல்லவா தெரியும்.

அந்த யானையின் பெயர் பூங்காவனம். ஒருமுறை மாலையோடு அது புறப்பட்டபோது, கோமளேந்திரன் என்ற ஆசாமி ஓடிவந்து அதன் காதில் ரகசியம் பேசினான். அவ்வளவு பெரிய காதில் மெதுவாகச் சொன்னால் உள்ளே போய்ச் சேராதோ என்று கத்தியே சொன்னதால், ரகசியம் ஊர் முழுக்கக் கேட்டது.

"பூங்காவனம், நான் ராஜாவானால் தினமும் உனக்கு ஒரு வண்டிக் கரும்பு. குளிக்கத் தனிக் குளம். வெள்ளிக்கிழமைதோறும் என் கையாலேயே முதுகு தேய்த்துவிடுவேன்."

யானை கொஞ்சம் யோசித்தது. மாலை கோமளேந்திரன் கழுத்தில் விழுந்தது.

பட்டம் கட்டிய மறுநாள் வண்டி நிறையக் கரும்பு வந்தது. பிறகு அரை வண்டி வந்தது. பிறகு தோகை மட்டும் வந்தது. குளத்துக்கு மேளதாளத்தோடு அடிக்கல் நாட்டினார்கள். கல் இருந்தது, குளத்தைத்தான் காணோம். வெள்ளிக்கிழமைகளில் ராஜாவுக்கு ஏதாவது முக்கிய வேலை வந்துவிடும். கடைசியில் முதலமைச்சர் விசாலமதியார் ஒரு பலகையில் கரும்புக் காட்டை வரைந்து யானைக் கொட்டிலில் மாட்டினார். "இது வரப்போகும் கரும்பு" என்று யானைக்கு விளக்கமும் சொன்னார். பாவம், அந்த வாயில்லா ஜீவன் பலகையை நக்கிப் பார்த்தது.

மறுநாள் காலை பூங்காவனம் அரசவை வாசலில் வந்து நின்றது. பிளிறவில்லை, எதையும் உடைக்கவில்லை. தலையை மட்டும் உள்ளே நீட்டி ராஜாவைப் பார்த்தது. ராஜா தீர்ப்புச் சொன்னார், பார்த்தது. பாயசம் குடித்தார், பார்த்தது. அவைக்கு வந்தவர்கள் அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தார்கள். தொந்தி பெருத்த சேனாதிபதி நுழைய முடியாமல் வெளியிலிருந்தே "உள்ளேன் அரசே" என்று குரல் கொடுத்தார்.

"இதற்கு என்னதான் வேண்டுமாம்?" என்று ராஜா எரிந்து விழுந்தார்.

எல்லோருக்கும் தெரியும். அரண்மனை விகடகவி மிளகப்பன் மட்டும் எழுந்தான். ஆள் குள்ளம், நாக்கு நீளம்.

"ஒன்றும் வேண்டாமாம் அரசே. நினைவூட்டிவிட்டுப் போக வந்திருக்கிறது."

விசாலமதியாருக்கு நெடுநாளாகவே மிளகப்பனைக் கண்டால் ஆகாது. "பிரபு, நம் விகடகவி யாரையும் பேச்சால் வளைப்பவர். இந்த யானையை வாசலை விட்டு அவரே நகர்த்தட்டும். அடிக்கக் கூடாது, கரும்பு கொடுக்கவும் கூடாது. நாளைக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டு அனுப்பிவிடலாம்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, யானையின் கண்ணைத் தவிர்த்தபடி.

மிளகப்பனின் வீடு, மனைவி, அவள் வைக்கும் மோர்க்குழம்பு எல்லாம் இந்த நாட்டில்தான் இருந்தன. எல்லைக்கு அப்பால் அவனுக்கு இருந்தது மாமியார் மட்டுமே.

மறுநாள் சபை கூடியதும் மிளகப்பன் ஒரு கூடையோடு வந்தான். கூடையிலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்றை எடுத்துப் பூங்காவனத்தின் துதிக்கையில் கொடுத்தான். அவ்வளவுதான். குட்டியிலிருந்து பழகிய வேலையல்லவா, யானை அப்படியே திரும்பித் தெருவில் நடக்கத் தொடங்கியது.

"யானை நகர்ந்துவிட்டது அரசே" என்று வணங்கினான் மிளகப்பன்.

"பலே" என்றார் ராஜா. பிறகு அவர் முகம் மாறியது. "துதிக்கையில் ஏதோ எடுத்துக்கொண்டு போகிறதே?"

"மாலை, அரசே."

"யாருக்கு?"

"அதை யானையல்லவா முடிவு செய்ய வேண்டும்."

ராஜா அரியணையிலிருந்து குதித்தார். அதற்குள் விசாலமதியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார்.

தெருவில் ஒரே அமளி. பாதி முகம் சவரம் செய்துகொண்டவர் நுரையோடு கழுத்தை நீட்டினார். விசாலமதியார் யானைக்கு முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டே, "ரெண்டு வண்டி தர்றேன், ரெண்டு குளம் வெட்டுறேன்" என்று கத்தினார். அவசரத்தில் அவருடைய செந்தமிழ் எங்கோ விழுந்துவிட்டது. ராஜா மூச்சிரைக்க வந்து, "மூணு வண்டி" என்றார். யானை நின்று அவரைப் பார்த்தது. அதே பார்வை.

"சொன்னால் இனி நம்பாது அரசே. இருந்தால் காட்டுங்கள்" என்றான் மிளகப்பன்.

ராஜா பக்கத்தில் நின்ற கரும்பு வண்டியிலிருந்து ஒரு கட்டுக் கரும்பை உருவித் தன் தலையிலேயே தூக்கினார். கரும்புக்காரன் பதறிப்போனான். "சாமி, மெதுவா. அது ராசா தலையின்னு கரும்புக்குத் தெரியாது, குத்திப்புடும்."

அதற்குள் பூங்காவனம் மாலையை உயர்த்திவிட்டது. விசாலமதியார் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். ஊரே மூச்சை அடக்கியது. மாலை அவர் தலைக்கு மேலே ஆடியது, ஆடியது, பிறகு நேரே யானையின் வாய்க்குள் போனது. நாருட்பட நன்றாக மென்று விழுங்கியது.

விசாலமதியார் மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

ராஜாவுக்கு உயிர் திரும்பி வந்தது. விசாலமதியாரும் மெல்லக் கண் திறந்து, ராஜாவைக் கண்டதும் குழைந்தார். "பிரபு, இதுவும் நன்மைக்கே. பசித்த யானை மாலையைத் தின்றுவிடும் என்பது தெரிந்துவிட்டது. இப்படியே பட்டினி போட்டால் தங்கள் அரியணை நிலைத்திருக்கும்."

"உண்மைதான்" என்றான் மிளகப்பன். "ஆனால் மாலை தீர்ந்துபோயிற்று. இனி அது வாசலில் நிற்கிற வேலைக்குத் திரும்பும்."

பூங்காவனம் திரும்பி ராஜாவைப் பார்த்தது.

"வேண்டாம், வேண்டாம்" என்று ராஜா கரும்புக்கட்டை அதன் முன்னால் போட்டார். அது தின்கிற வேகத்தைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. அன்றே குளம் தோண்ட ஆரம்பித்தார்கள். முதல் மண்வெட்டி விசாலமதியார் கையில். வெள்ளிக்கிழமை ராஜா வைக்கோலை எடுத்து முதுகு தேய்த்தார். யானை தண்ணீரை உறிஞ்சி அவர்மேல் பீச்சியபோது, பட்டம் கட்டிய நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். என்றைக்கும் இப்படியே நடந்துகொண்டாரா என்றால், எனக்குத் தெரியாது. யானை மறுபடி வாசலில் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

சிரித்த வேகத்தில் ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மிளகப்பன் கழுத்தில் போட வந்தார். மிளகப்பன் துள்ளிப் பின்னால் நகர்ந்தான்.

"அரசே, கையில் கொடுங்கள். யானை பார்த்துக்கொண்டிருக்கிறது. கழுத்தில் போட்டுவிட்டால் நாளைக் காலை கரும்புக்கு நானல்லவா அலைய வேண்டும்?"